சாய்கோடு

பெண்டமியர் சாலை. நான்காம் மாடி, மூன்றாம் அறை.
குளிரூட்டியைப் பதினெட்டில் வைத்திருந்தார்கள்.
தவசிலிங்கம் மாவுக்கட்டுப் போட்ட கையை
மேசைமேல் வைத்திருந்தார்,
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன
சாமானைப் போல.

கேட்டதற்கு ஐந்து வாக்கியம் சொன்னார்.
"ஏணி ஆடுச்சு.
சொன்னேன்.
ஏறச் சொன்னாங்க.
ஏறினேன்.
விழுந்தேன்."

நடுவில் ஒட்டும் இல்லை, ஓரமும் இல்லை.
தமிழில் கேட்பவர் தாமே தாண்டிக்கொள்வார்.

நிறுவனத்தின் அறிக்கையோ ஒற்றை வாக்கியம்.
'ஆல்தோ' என்று தொடங்கியது.
ஏணியின் நிலை தெரிந்திருந்தும் தொழிலாளி ஏறினார்.
ஆல்தோ, கீழ்வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி.
நீங்கள் மின்தூக்கிக்குப் போவதற்குள்
பழி எந்த மாடி என்று சீட்டெழுதிக் கொடுத்துவிடும்.

தொடக்கநிலை நான்கில்
இணைப்புச் சொற்களுக்கு எனக்கு இருபதுக்கு இருபது.
கோடிட்ட இடத்தை நிரப்புக:
மழை பெய்தது, ______ நான் நனைந்தேன்.
நான் எழுதியது அண்ட்.
பக்கத்து இருக்கை ஃபரிதா எழுதியது ஸோ.
மிஸஸ் பெரேரா இரண்டுக்கும் சரி போட்டார்.

இந்த அறையில் அப்படிப் போட முடியாது.
அண்ட் சொன்னால் ஏணி ஆடியது ஒரு செய்தி,
இவர் விழுந்தது வேறொரு செய்தி;
ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த
இரண்டு அந்நியர்கள்.
ஸோ சொன்னால் இருவரும் புருஷன் பெண்டாட்டி.
சம்பந்தம் பேசி முடிக்கும் வேலை என்னுடையதல்ல.
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

எங்கள் மொழிக்கு மூட்டு எலும்போடு பிறக்கிறது.
ஆடியதால். ஆடியும். ஆடினால்.
வால் மாறினால் வழக்கே மாறும்,
வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.
ஆங்கிலத்தில் அது சாரக்கட்டுக் கவ்வி.
தனியாகக் கழன்று வரும்.
யார் கையிலும் வரும்.
எந்தக் குழாயிலும் மாட்டும்.

திருமதி ஓங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பிகாஸா, ஆல்தோவா?"

நான் அவர் பக்கம் திரும்பினேன்.
"ஆடினதால விழுந்தீங்களா,
ஆடியும் ஏறினீங்களா?"

அன்றைக்கு முதன்முதலாக
என் முகத்தைப் பார்த்தார்.
"ரெண்டுந்தாம்மா.
ஏறலேன்னா பெர்மிட்ட வெட்டிருவாங்க."

ஏறலேன்னா.

ஒரு மணி நேரமாக அந்த அறையில்
யாரும் உச்சரிக்காத சொல்.
'ஆர் எல்ஸ்' என்றேன், என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.
விசைப்பலகை ஒரு கணம் நின்றது,
பிறகு தடதடவென்று ஓடியது.
எதிரே நிறுவனத்தின் ஆள்
பேனா மூடியைத் தேடத் தொடங்கினார்.

கடைசியில் ஒரு படிவம்.
காயம் அண்ட், சாய்கோடு, ஆர் வருமான இழப்பு.
தவசிலிங்கம் அந்தக் கோட்டின்மேல்
இடக்கைச் சுண்டுவிரலை வைத்தார்.
"இது என்னம்மா?"
"ரெண்டுல ஒண்ணு. இல்லேன்னா ரெண்டும்."
"கீழ யாரும் பிடிக்காம சாத்தி வச்சிருக்காங்க" என்றார்.
சிரிக்கவில்லை. கையெழுத்து இடக்கையில்
கோணலாக விழுந்தது.

பேருந்து காலாங் ஆற்றைக் கடக்கும்போது
நினைவுக்கு வந்தது.
ஏறச் சொன்னாங்க. ஏறினேன்.
இந்த இரண்டுக்கும் நடுவே
நான் ஸோ என்று சொல்லியிருக்கிறேன்.
அவர் சொல்லவில்லை.
மூச்சு வாங்கினார், அவ்வளவுதான்.
அந்த மூச்சுக்கு ஆங்கிலத்தில் என்ன?

யாரும் கவனிக்கவில்லை.
ஏழாம் பக்கத்தில் இருக்கிறது, இரண்டே எழுத்து,
அவருக்குச் சாதகமாகத்தான்.
நாளைக் காலையில் போய்
திருத்தச் சொல்லலாம்.
திருத்தினால்